அறுக்காத உடம்பு

எங்கள் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய வருஷம் அங்கே எல்லாம் இருந்தது, பிணம் மட்டும் இல்லை.

இதைச் சொன்னால் இப்போது படிக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உடற்கூற்றுப் பாடம்தான் முதல் வருஷப் படிப்பின் பெரும்பகுதி. இறந்த மனித உடம்பை மேஜையில் கிடத்தி, தோலில் தொடங்கி எலும்பு வரைக்கும் அடுக்கு அடுக்காகப் பிரித்துப் படிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தேர்வு கிடையாது. தேர்வு இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மருத்துவக் கல்லூரி வெறும் வீடுதான், அதுவும் ஆளில்லாத வீடு.

வீடு என்று சொல்வது சும்மா இல்லை. அறுபதுகளின் நடுவில், காரைக்குடிக்குப் பக்கத்தில், கடல் கடந்து கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த குடும்பம் ஒன்று தங்கள் பெரிய வீட்டைக் கல்லூரிக்குக் கொடுத்தது. வீட்டுக்காரர் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. கொடுத்தவர் அவருடைய மனைவி. எல்லோருக்கும் அவர் ஆச்சி. கட்டு கட்டாக, முற்றம் முற்றமாகப் பிரிந்த அந்த வீட்டின் கடைசிக் கட்டை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு, முன்கட்டையும் நடுக்கட்டையும் எங்களுக்கு விட்டுவிட்டார். பக்கத்தில் ஏற்கெனவே அவர்களுடைய ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியின் பழைய கதையைப் பேசுகிறவர்கள் இன்றும் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரையையும் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. தூண் யாருக்கும் பாடம் நடத்தவில்லை.

கல்யாணப் பந்தி நடந்த நீளக் கூடம்தான் எங்கள் அறுவைக்கூடம். கடப்பைக் கல்லில் மேஜைகள் போட்டார்கள். உடம்புகளை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட, பின்வாசலை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். ஒரு எலும்புக்கூடு சென்னையிலிருந்து மரப்பெட்டியில் வந்தது. உடற்கூற்று ஆசிரியரும் சென்னையிலிருந்துதான் வந்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை, கோபக்காரர். மேஜைகளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், நல்லது என்றார். அதன்பின் காத்திருக்கத் தொடங்கினார். நாங்களும் காத்திருந்தோம்.

கேட்க ஆளில்லாத உடம்பு ஆஸ்பத்திரியில் கிடந்தால், சட்டம் சொல்கிற காலம் கழிந்ததும் அதைக் கல்லூரி எடுத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் அப்படித்தான் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் கேட்க ஆளில்லாத உடம்பு என்று ஒன்று இல்லை. ஆச்சி வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஒரு தர்மம் செய்துவந்தார்கள். ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிற யாத்திரிகர்கள் வழியில் விழுந்து இறந்துபோவார்கள். எந்த ஊர், என்ன பாஷை என்றுகூடத் தெரியாது. அவர்களைக் குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, கொள்ளி வைத்து, சாம்பலைக் கரைக்கிற வரைக்கும் இந்தக் குடும்பத்தின் பொறுப்பு. யாத்திரிகர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் போகத் தொடங்கிய பிறகும் தர்மம் நிற்கவில்லை. பிச்சைக்காரர், பரதேசி, வீட்டை விட்டு ஓடிவந்தவர் என்று யார் அநாதையாகச் செத்தாலும் ஆச்சி வீட்டுக்கு ஆள் போகும், கோடித்துணி வரும்.

கல்லூரிக்கு வீடு கொடுத்ததும் அவர்தான், கல்லூரிக்கு வரவேண்டிய உடம்பையெல்லாம் எரித்ததும் அவர்தான். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்று தொடங்கும்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் உடம்பு கார்த்திகையில் வந்தது. வடக்கத்திக் கிழவர், காய்ச்சலில் இறந்தவர். காலக்கெடு முடிந்தது, யாரும் வரவில்லை. கல்லூரி முதல்வர் ஆச்சியின் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இனிமேல் அந்த உடம்பு நம்ம கல்லூரியோடது. ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். கணக்கப்பிள்ளை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்ததுபோல இருந்தவர். ஆச்சியின் சொத்து, ஆஸ்பத்திரி, இப்போது கல்லூரி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தவர். நம்ம கல்லூரியின் உடம்பு என்றால் நம்ம வீட்டு உடம்பு. நம்ம வீட்டு உடம்புக்கு ஆக வேண்டியது என்ன? வெட்டியானுக்குச் சொல்லிவிட்டார். சங்கு ஊத ஆள் வைத்தார். தானே கொள்ளி வைத்தார். காலையில் நாங்கள் புதுக் கத்தரியும் கத்தியும் பையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றபோது, ஈரத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து ஆசிரியரிடம் சொன்னார்: "ஒரு கொறையும் வைக்கல சார். சந்தனக்கட்டை கூடப் போட்டாச்சு."

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கணக்கப்பிள்ளை அவருக்குத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு மோர் கொண்டுவரச் சொன்னார்.

அதன்பின் விஷயம் ஆச்சி வரைக்கும் போயிற்று. ஆச்சியின் பதில் சுருக்கம்: "என் வீட்டுல ஒருத்தரும் கொள்ளியில்லாமக் கெடக்கக் கூடாது." வீட்டைக் கொடுத்தவரிடம் மறுத்துப் பேச முதல்வருக்குத் தைரியம் இல்லை. அடுத்த உடம்பும் எரிந்தது, அதற்கடுத்ததும் எரிந்தது. நாங்கள் காரைக்குடி செக்காலைக் கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு இதயமும் நுரையீரலும் வாங்கிவந்து அறுத்தோம். கோடையில் ஒருநாள் ஆசிரியர் சிமெண்டுத் தொட்டியைத் திறந்து பார்த்தால், தொட்டி நிறையக் குடிதண்ணீர். காவல்காரர் மனைவி ஊருணியிலிருந்து சுமந்து ஊற்றி வைத்திருந்தாள். "நல்ல தொட்டி, சும்மாத்தான சார் கெடக்கு" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? தண்ணீர் இல்லாத ஊரில் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு எவள் சும்மா இருப்பாள்?

பல்கலைக்கழகத்துக் குழு வந்தது. ஆட்டு நுரையீரலைப் பார்த்தது. அடுத்த முறை வரும்போது மேஜைகளில் மனித உடம்புகள் இல்லையென்றால் எங்களைத் தேர்வு எழுத விடமாட்டோம், கல்லூரியை மூடுவதுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போனது.

வெளியூர் மாணவர்களுக்கு அது ஒரு வருஷம் வீணாகிற விஷயம். எனக்கு அப்படி இல்லை. கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கொஞ்சம் வயலும் கொஞ்சம் கடலைக் கொல்லையும். நான் ஒரே பிள்ளை. பெண் டாக்டருக்குப் படிக்கிறாள் என்பதை ஊரில் என் அப்பா ஒருவர்தான் நம்பினார். கல்லூரி மூடினால் ஆவணியில் தாய்மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டு என்பது அம்மாவின் முடிவு. மாமன் மகன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வீட்டில் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். சாணி தட்டுவதில் எனக்கு அவமானம் இல்லை, ஆனால் அதை மட்டும் செய்துகொண்டிருக்க முடியாது என்று அந்த வயதிலேயே திமிராக நினைத்தேன்.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நீ இந்தப் பக்கத்துப் பொண்ணு. பொம்பளைப் பிள்ளை. கடைசிக் கட்டுக்குள்ள நாங்கள் போக முடியாது. நீ போய் அந்த அம்மாவிடம் பேசு" என்றார்.

அன்றைக்கு அப்பா விடுதிக்கு அவித்த கடலை கொண்டுவந்திருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைசிக் கட்டின் வாசல் நிலையை ஒட்டி, முற்றத்து ஓரத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போனேன்.

ஆச்சி வெள்ளைச் சேலையில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் மாத்திரைப் பட்டை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதை நீட்டினார்.

"டாக்டருக்குத்தான படிக்கிற. இது எதுக்குள்ள மாத்திரை, சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

"பின்ன என்னத்தப் படிக்கிறீக?"

"ஒடம்பைப் பாத்தாத்தான ஆச்சி மருந்து தெரியும். ஒடம்பைத்தான் நீங்க எரிச்சிர்றீகளே."

இப்படிப் பேச வேண்டும் என்று நான் திட்டம் போட்டுப் போகவில்லை. வாய் அது. ஆச்சி கோபப்படவில்லை. மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க மாமனார் காலத்துலேர்ந்து செய்யிறது, ஆத்தா. போற வழியில செத்தவனை நாயும் நரியும் இழுக்கக் கூடாதுன்னுதான் செய்யிறது. இப்ப நீங்க இழுக்கணுங்கிறீக."

"நாங்க இழுக்கல ஆச்சி. படிக்கிறோம்."

"அநாதைன்னா இழுக்கலாம், இல்லையா? கேக்க ஆளில்லைல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒனக்கு அப்பச்சி இருக்காரா?"

"இருக்காக. வெளிய உக்காந்திருக்காக."

"நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, இங்க குடுப்பியா?"

"குடுப்பேன் ஆச்சி."

"யோசிக்காமச் சொல்ற."

"யோசிச்சாலும் இதான் சொல்லுவேன்."

அவ்வளவுதான் பேச்சு. இதில் எனக்கு வீரமும் இல்லை, பாசக்குறைவும் இல்லை. அப்பாவுக்கு அப்போது நல்ல தெம்பு. அவர் சாவார் என்பதே எனக்குத் தெரியாது. கல்லூரி மூடக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். கேள்வி கேட்டார்கள், கல்லூரியைத் திறந்து வைக்கிற பதில் எதுவோ அதைச் சொன்னேன்.

ஆச்சி மடியிலிருந்த மாத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இனிமே ஆஸ்பத்திரி ஒடம்புக்கு நாம போக வேணாம். படிச்சு முடிச்சதும் மிச்சம் மீதியை நம்மகிட்டக் குடுத்துரச் சொல்லு. அதுக்கு நாம செய்வோம்" என்றார். நான் வெளியே வந்தேன். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். முற்றம் திறந்த முற்றம், பேசினால் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அவர் காதில் விழுந்திருக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை. காரியம் முடிந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்த மாதிரி ஒடம்பு தாயி எடுப்பீக?"

எனக்கு ஒரே உற்சாகம். ஆசிரியர் வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "அறுத்த ஒடம்பு ஆகாதுப்பா. விபத்துல செத்து, போலீஸ்ல அறுத்துப் பாத்துட்டுத் தைச்சுக் குடுப்பாகளே, அது ஒதவாது. கத்தி படாம முழுசா இருக்கணும்."

"முழுசா இருக்கணும்" என்று அப்பா திரும்பச் சொன்னார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு உடம்புகள் வந்தன. முதலில் வந்தது ஒரு நடுவயதுப் பெண். காதில் தோடு இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. கூட நின்ற ஒரு பையன் மயங்கி விழுந்தான், இன்னொருத்தி வெளியே ஓடினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கை சொன்னபடி கேட்டது. மருந்தின் நெடியில் கண்ணில் நீர் வழியும், ஆனால் அது அழுகை இல்லை. சில வாரங்களில் விரல் நுனிகள் மரத்துப்போயின. சோற்றைப் பிசைந்தால் சூடா ஆறினதா என்று தெரியாது. எத்தனை தேய்த்தாலும் கையில் அந்த வாடை போகாது. தயிர்ச் சோறும் அந்த வாடைதான், மல்லிகைப் பூவும் அந்த வாடைதான். முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கூடத்தை விட்டு வெளியே வந்தாலும் ஏதோ ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி இருக்கும். சினிமாவுக்குப் போனோம், கூட வந்தவர்கள் அழுதார்கள். நான் அவர்கள் மூக்கைச் சிந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல டாக்டருக்கு இது வேண்டியதுதான் என்று ஆசிரியர் சொன்னார். நான் நம்பினேன். இப்போது நம்பவில்லை, ஆனாலும் போனது திரும்பி வரவில்லை.

குழு வந்தது, பார்த்தது, அங்கீகாரம் கொடுத்தது. வாசலில் வாழைமரம் கட்டினார்கள். எல்லோருக்கும் கேசரி. அடுத்த வருஷம் அடுத்த வகுப்பு சேர்ந்தது. நடுக்கட்டு போதாமல் பின்னாலிருந்த தோட்டத்தை அழித்துப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். ஆடி அமாவாசைதோறும் கணக்கப்பிள்ளை கூடத்துக்கு வந்து, நாங்கள் படித்து முடித்து மூட்டையாகக் கட்டி வைத்திருந்தவற்றை வாங்கிக்கொண்டு போய் எரித்துக் கரைத்துவிட்டு வருவார். அவர் முகத்தைப் பார்த்தால் அந்த ஒரு நாளில்தான் கல்லூரி அவருக்குப் பிடித்தது என்று தெரியும்.

எழுபதுகளில் நான் படிப்பை முடித்தேன். மாமன் மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாக இருந்தான். என் கூடப் படித்தவர்கள் மதுரைக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். நான் அதே கல்லூரியில், அதே உடற்கூற்றுப் பிரிவில் ஆசிரியையாக இருந்துகொண்டேன். நோயாளிகளிடம் பேச எனக்கு வரவில்லை. பேசாதவர்களிடம் வேலை செய்வது சுலபமாக இருந்தது.

அப்பாவுக்கு வயிற்றுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. ஊருக்குப் போயிருந்தபோது, கடலை மூட்டையைத் தூக்கிவிட்டு அவர் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்ததைப் பார்த்தேன். படுக்கச் சொல்லிப் பார்த்தேன். குடலிறக்கம். அடிவயிற்றுத் தசை பலமிழந்து, குடல் வழுக்கி வெளியே வருகிற நோய். சின்ன அறுவைச் சிகிச்சை. எங்கள் ஆஸ்பத்திரியில் அதைச் செய்யாத நாளே இல்லை. செய்யாமல் விட்டால் என்றைக்காவது குடல் உள்ளே போக முடியாமல் சிக்கிக்கொள்ளும், அன்றைக்கு உயிருக்கு ஆபத்து. எல்லாவற்றையும் சொன்னேன்.

"கெடக்கட்டும் தாயி" என்றார். "உள்ளேயும் வெளியேயும் போயிட்டு வருது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அடுத்த முறையும் சொன்னேன். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும் என்றார். அதற்கடுத்த முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊரே அங்க வந்து ஆப்ரேசன் பண்ணிட்டுப் போகுது. பெத்த மக அங்கயே இருக்கேன். ஒங்களுக்கு என்னப்பா, கத்தின்னா பயமா?"

அப்பா சிரித்தார். "ஆமா, பயந்தான். வச்சுக்கயேன்."

அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிற மனுஷன், கத்திக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். கிராமத்தார் என்றால் கத்திக்குப் பயப்படுவார்கள் என்று எங்களுக்குக் கல்லூரியில் ஒரு எண்ணம் இருந்தது. அம்மாவிடமும் சொன்னேன். அம்மா, "அவரு சொல்லுறது அவருக்குத் தெரியும்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். சொல்லிச் சொல்லி அலுத்துப் போனது.

தை அறுவடையின்போது கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வரச்சொன்னார்கள். நான் பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது தெருவில் ஆட்கள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. முற்றத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழ எழுந்தார்கள். நான் நேராகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பழக்கம். பிறகு வயிற்றில் கை வைத்தேன். பலகைபோல இருந்தது. அந்த வீக்கம் இருந்த இடம் கறுத்திருந்தது. என்ன நடந்தது என்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அழுகை வரவில்லை. டாக்டர் படிச்சவ நெஞ்சு கல்லு என்று யாரோ ஒரு பெண் பின்னால் சொன்னாள். சொன்னது சரிதான். அம்மாவும் அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அடிக்கடி தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரர் யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கொள்ளி வைக்க வேண்டியவர் அப்பாவின் தம்பி. சித்தப்பா மொட்டையடித்துக்கொண்டு, புதுச் சட்டியில் நெருப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

அப்போது தெருமுனையில் கல்லூரி வேன் திரும்பியது. கல்லூரியின் பெயர் பெரிதாக எழுதியிருந்த வேன். முன்னால் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பிய பிறகு அலுவலகத்துக்கு வந்த சாவுச் செய்தி ஆச்சி வரைக்கும் போயிருந்தது. ஆச்சியின் கார் இந்த வண்டிப் பாதைக்கு ஆகாது என்று அதில் வந்திருக்கிறார். முன்பைவிடத் தளர்ந்துபோயிருந்தார். மாலையும் கோடித்துணியும் வைத்த தட்டோடு இறங்கி, என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, ஆச்சி ஒண்ணு சொல்லச் சொன்னாக. அன்னைக்குப் பேசின பேச்சை ஆச்சி மறந்துட்டாகளாம். நீங்களும் மறந்துரணுமாம். நல்லபடியாக் கொள்ளி வச்சு அனுப்பச் சொன்னாக."

எனக்கு முதலில் எந்தப் பேச்சு என்றே புரியவில்லை. அப்பாவைக் குடுப்பேன் என்று ஆச்சி முன்னால் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் அதை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆச்சிதான் மறக்கவில்லை. மறக்காததால்தான் மறந்துவிட்டேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்துவந்துவிட்டாள். வேனைப் பார்த்தாள், கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள்.

"வந்துட்டீகளா" என்றாள். "இன்னும் காணாமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." பிறகு முற்றத்தைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் அங்குட்டு வெலகுங்க. கூட்டிட்டுப் போக வந்துட்டாக" என்றாள்.

கணக்கப்பிள்ளை திகைத்துப்போனார். தட்டைத் தூக்கிக் காட்டினார். "இல்ல ஆத்தா. நான் கோடி போடத்தான் வந்தேன்."

அம்மா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப, அவரை வேணாமின்னுட்டாகளா?"

கணக்கப்பிள்ளை தட்டை இறக்கிப் பிடித்தார். அம்மாதான் பேசினாள், என்னிடம், வழக்கு சொல்கிற குரலில்.

"நீ ஆச்சி வீட்டுல சொன்ன அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொல்லிட்டாரு. எம் மக வாக்குக் குடுத்திருச்சு, எனக்கு ஒண்ணு ஆனா வண்டி வரும், அழுதுக்கிட்டு மறிக்காம அனுப்பி விட்டுருன்னாரு. கத்தி பட்ட ஒடம்பை எடுக்க மாட்டாகன்னு நீதான சொன்ன? அதுக்குத்தான அந்த ஆப்ரேசனே வேணாமின்னாரு. முந்தாநாள்லேர்ந்து துடிச்சாரு. ஒனக்குச் சொல்லி விடட்டான்னேன். வேணாம், அங்குட்டுக் கொண்டுபோயி அறுத்துருவாகன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. முழுசாத்தான இருக்காரு. பாக்கச் சொல்லு. இப்ப வேணாமின்னா எப்புடி?"

குடலிறக்கத்துக்குச் செய்கிற அறுவை ஒரு சின்னத் தழும்பு. அந்தத் தழும்போடு எத்தனையோ உடம்புகள் எங்கள் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஒன்றையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. பஸ் நிறுத்தத்தில் நான் சொன்னது வேறு, அவர் எடுத்துக்கொண்டது வேறு. கத்திக்குப் பயமா என்று நான் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை மட்டும்தான் அப்போது என்னால் நினைக்க முடிந்தது.

சித்தப்பா நெருப்புச் சட்டியோடு வந்து நின்றார். "என்ன பேச்சு இது? அவுகளே வேணாமின்னு சொல்லிட்டாக. தூக்குங்கப்பா, நேரமாகுது" என்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாமின்னு யாரும் சொல்லலம்மா" என்றேன். "கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காக."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு தட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, வேனின் பின்கதவைத் திறக்கப் போனார்.